வலது கால் ஆறு அங்குலம்

2012 ஆகஸ்டில், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளியியல் முதுகலை படிக்கப் போனேன். கையில் இருந்த பணம் டிசம்பர் வரைக்கும்தான் வரும். துறையில் கேட்ட உதவித்தொகை கிடைக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்கு ஏற்கெனவே பெரிய வரிசை நின்றது. அப்போது சீனியர் அக்கா ஒருவர் சொன்னார்: "ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு கட்டடம் இருக்குல்ல, அங்கே ட்யூட்டர் தேடுறாங்க. ஃபுட்பால் பசங்களுக்கு ஸ்டாட்ஸ் சொல்லித் தரணும். நம்ம ஆளுங்க யாரும் போக மாட்டேங்கிறாங்க."

ஏன் போக மாட்டேன் என்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மணிக்குப் பன்னிரண்டு டாலர் என்றதும் காது அடைத்துக்கொண்டது.

நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முதல் நாள் என் எதிரே வந்து உட்கார்ந்தவன் ஆறடி நாலு அங்குலம், 310 பவுண்டு. நம் கணக்கில் 140 கிலோ. இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையை வைத்துச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தான். தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரை ஈரமாகிக்கொண்டிருந்தது. "புத்தகம் கொண்டு வந்தியா?" என்றேன். "யெஸ், மேம்" என்றான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என்னை மேம் என்று கூப்பிட்ட முதல் மனிதன் அவன்தான்.

அந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பையன்களில் சிலர் இன்றும் தொடர்பில் இருக்கிறார்கள். எல்லாரும் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒருவன் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் விற்கிறான், ஒருவன் கட்டடம் கட்டுகிறான், ஒருவன் கணக்குத் தணிக்கை பார்க்கிறான். "விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்றுத்தருகிறது, அதனால் விளையாட்டு வீரர்கள் வேலையிலும் ஜெயிக்கிறார்கள்" என்ற பேச்சை லிங்க்ட்இனில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், பாதி சரி, பாதி இல்லை என்று தோன்றும். எந்தப் பாதி என்று எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

இந்த ஆட்டத்தைப் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு வரி. பெயர் ஃபுட்பால், ஆனால் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் இன்னொரு நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியும் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். முடிந்ததும் நிறுத்தி, பேசி, மறுபடி ஆரம்பிப்பார்கள். நம் கபடியில் ஒருவர் பாடிப் போய்த் திரும்புவது மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனி யுத்தம். என் 310 பவுண்டு மாணவன் லைன்மேன், அதாவது பந்தைத் தொடவே தொடாதவன். பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை யாரும் நெருங்கிவிடாமல் சுவராக நிற்பதுதான் அவன் பிழைப்பு.

இவர்களுக்குப் புள்ளியியல் வராது என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. திட்ட விலக்கம் என்றால் என்ன என்று பலகையில் சூத்திரத்தை எழுதினேன். அவன் சுவரைப் பார்த்தான். இரண்டாவது வாரம் எப்படியோ எனக்குப் புத்தி வந்தது. "பந்தை உதைக்கிற ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சராசரி நாற்பது கஜம். ஒருத்தன் எப்பவும் முப்பத்தெட்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவுல உதைப்பான். இன்னொருத்தன் ஒருதடவை இருபத்தஞ்சு, ஒருதடவை ஐம்பத்தஞ்சு. உனக்கு யார் வேணும்?" யோசிக்கவே இல்லை. "முதல் ஆள்தான் மேம். பந்து எங்கே விழும்னு தெரிஞ்சாத்தானே எங்க ஆளுங்க அங்கே ஓட முடியும்?" அதுதான்டா திட்ட விலக்கம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவனும் தலையாட்டினான்.

நிபந்தனை நிகழ்தகவு இன்னும் வேடிக்கை. மூன்றாவது முயற்சியில் ஏழு கஜம் பாக்கி இருந்தால் எதிரணி பந்தை எறிவார்களா, தூக்கிக்கொண்டு ஓடுவார்களா, இடது ஓரத்தில் நின்றால் என்ன செய்வார்கள் என்று வாராவாரம் அவர்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாள் முழுக்க நிபந்தனை நிகழ்தகவுதான். பெயர் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது.

மாணவர் விசாவில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், கல்லூரி நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் விசாவுக்கே ஆபத்து. நான் மணிக்கணக்கை எழுதி எழுதி வைப்பேன். என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே எண்தான் விதி. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்கிறது. ஆனால் போட்டி நடக்கும் நாள் முழுவதற்கும் மூன்று மணி நேரம் என்றுதான் கணக்கு. பயணம் கணக்கில் வராது. அடிபட்ட இடத்துக்கு மருத்துவம் பார்த்துக்கொள்வது கணக்கில் வராது. "விருப்பப்பட்டு" காலை ஆறு மணிக்கு எடை தூக்குவதும் கணக்கில் வராது. விருப்பப்படாமல் யாராவது இருந்துவிட முடியுமா என்று நான் கேட்டதற்கு லைன்மேன் சிரித்தான். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று கேட்ட வழக்கில், சீசன் நேரத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் போகிறது என்று அரசுத் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி எழுதினார். அவர்கள் தொழிலாளர்களே என்றும் தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஆண்டு மேல் வாரியம் இதில் நாங்கள் தலையிடுவதாக இல்லை என்று விலகிக்கொண்டது.

என் 20 மணி நேரம் நிஜம், அவர்களுடையது காகிதம். அந்த வித்தியாசத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, அவர்கள் 'ஃபிலிம்' என்று சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை லைன்மேன் கண் சிவந்து வந்தான். சனிக்கிழமை தோற்றிருந்தார்கள். "ஃபிலிம்ல ரெண்டு மணி நேரம் மேம்" என்றான். எனக்குப் புரியவில்லை. டேப்லெட்டை எடுத்துத் திருப்பி வைத்தான். பயிற்சி, போட்டி எல்லாவற்றையும் உயரத்திலிருந்து படம்பிடிப்பார்கள். போட்டி முடிந்து அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, ஒரே நிலையில் ஆடும் எல்லாரும் இருட்டறையில் உட்கார, பயிற்சியாளர் லேசர் புள்ளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முயற்சியையும் ஓட்டுவார், நிறுத்துவார், பின்னால் கொண்டுபோவார். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் மதிப்பெண் உண்டு.

அவன் எனக்குக் காட்டியது ஐந்து விநாடி. ஒருவன் அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிடுகிறான். எனக்கு ஒரே குப்பையாகத் தெரிந்தது. அவன் நிறுத்தினான். "இங்கே பாருங்க மேம். என் வலது கால். ஆறு அங்குலம் முன்னாடியே போயிடுச்சு. அதனால இடுப்பு திறந்துடுச்சு. அவன் அந்த வழியாத்தான் போனான்." மறுபடி ஓட்டினான். மறுபடி நிறுத்தினான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்த தவறு, தொலைக்காட்சியில் வந்த தவறு. அதை ஒரு ட்யூட்டர் பெண்ணுக்குக் காட்டும்போது அவன் முகத்தில் வெட்கம் கொஞ்சம்கூட இல்லை.

ஏழாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினேன். எங்கள் சார் விடைத்தாளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பித்துப் பெயர் சொல்லிக் கொடுப்பார். நான் மூன்றாவதாகப் போய் வாங்கினேன். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வழியில் வாய்க்காலில் போட்டேன். எந்தக் கணக்கு தப்பு என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அமெரிக்கா போன பிறகும் அப்படித்தான் இருந்தேன். பேராசிரியர் என் நிரலில் பிழை காட்டினால், பிழையைப் பார்ப்பதற்கு முன் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அந்த இருட்டறையை நான் புனிதமாக்கவில்லை. பயிற்சியாளர்கள் காது கூசும்படி கத்துவார்கள் என்று எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். அழுதுகொண்டு வெளியே வந்தவர்களும் உண்டு. ஆனால் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் பேச்சு ஒரு காலில் வந்து நிற்கிறது. "நீ உருப்பட மாட்டே" என்பதோடு முடியாமல், "வலது கால் ஆறு அங்குலம்" என்று முடிகிறது. அதோடு செவ்வாய்க்கிழமையே அதைத் திருத்திப் பார்க்க ஒரு வாய்ப்பும் இருக்கிறது.

நடுவில் ஒரு முறுக்குக் கதை. அம்மா அனுப்பிய பார்சலில் கை முறுக்கு வந்தது. இரவு எட்டு மணிக்குப் படிக்க வருகிறவர்கள் பசியோடு வருவார்கள். ஒரு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்தேன். அரை மணியில் கண்காணிப்பாளர் வந்து டப்பாவை மூடி, என்னைத் தனியே அழைத்துப் போனார். பயிற்சி வகுப்பில் சொன்னது நினைவில்லையா? வீரர்களுக்கு ஒரு பேனாகூடத் தரக்கூடாது, அது கூடுதல் சலுகை ஆகிவிடும். இதைவிட மோசமான விதியெல்லாம் இருந்தது. ஒரு காலத்தில் பேகல் என்ற வளைய ரொட்டியைச் சும்மா கொடுக்கலாம், மேலே க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு, ஆகவே விதிமீறல். 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பட்டினியாகப் படுக்கிறேன் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அதே மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தூக்கினார்கள். அதற்குள் என் முறுக்கு நமுத்துப்போய்விட்டது.

லைன்மேனுக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. அவன் தாத்தா ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊரில் கொத்தனார். ஆனால் அந்தப் படிப்புக்கான ஆய்வகங்கள் மதியத்துக்குமேல். பயிற்சியும் மதியத்துக்குமேல். இதில் எது நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கொக்கி உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கு வேண்டியதில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட முடியாது. கேட்க நல்ல விதி மாதிரி இருக்கிறது. ஆனால் நடுவில் படிப்பை மாற்றினால் பழைய பாடங்கள் புதிய பட்டத்தின் கணக்கில் சேராது. சதவீதம் விழும். ஆகவே முதல் ஆண்டில், பதினெட்டு வயதில், ஆலோசகர் எதைக் காட்டினாரோ அதிலேயே இருந்துவிடுவது பத்திரம். ஒரே அணியில் பாதிப் பேர் ஒரே படிப்பில் இருப்பது இப்படித்தான். நான் சொன்ன நார்த்வெஸ்டர்ன் வழக்கில் குவார்ட்டர்பேக் கேன் கோல்ட்டர் சொன்ன சாட்சியமும் இதுவே. மருத்துவம் படிக்க நினைத்தவர் அவர். வேதியியல் வகுப்பு பயிற்சி நேரத்தோடு மோதியது.

லைன்மேன் சமூகவியல் படித்தான். கெட்ட படிப்பு இல்லை. ஆனால் அவன் கேட்ட படிப்பும் இல்லை.

கடைசி ஆண்டில் நாலைந்து பேருக்கு ரெஸ்யூமே எழுத உதவினேன். அப்போதுதான் அந்த 40 மணி நேரம் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. "வேலை அனுபவம்" என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மற்ற மாணவர்கள் கோடையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் போவார்கள். இவர்கள் கோடையிலும் வளாகத்தில் எடை தூக்கிக்கொண்டிருப்பார்கள். என் ரெஸ்யூமேயில் பாதி எனக்கே தெரியாத மென்பொருள் பெயர்களெல்லாம் நிறைந்து வழிந்தது. அவர்களுடையதில் ஒரே வரி: ஃபுட்பால், நான்கு ஆண்டுகள்.

அந்த ஒரு வரியை வைத்து என்ன செய்வது? தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம் என்பார்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஏழு சுற்றுகளில் மொத்தம் 260 பேர் அளவில்தான் தேர்ந்தெடுக்கின்றன. என்சிஏஏ கணக்குப்படி, தேர்வுக்குத் தகுதியான கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் எங்கள் மேசையில் உட்கார்ந்த அத்தனை பேரும் அந்த இரண்டில் தான் ஒருவன் என்று நம்பினார்கள். நிகழ்தகவு நன்றாகப் புரிந்தவர்களும்தான்.

இந்தப் பேச்சு வந்தால் உடனே சில பெயர்கள் வரும். பென் ஸ்டேட்டில் ஆடி, பால்டிமோர் ரேவன்ஸில் மூன்று சீசன் ஆடி, 2017இல் இருபத்தாறு வயதில் விலகி, எம்ஐடியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது அங்கேயே கற்பிக்கும் ஜான் அர்ஷல். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஆடியபடியே ரோட்ஸ் உதவித்தொகை வாங்கி ஆக்ஸ்ஃபோர்டு போய், பிறகு மூளை நரம்பு அறுவைச் சிகிச்சையில் இறங்கிய மைரன் ரோல். டென்னஸியில் விண்வெளிப் பொறியியல் படித்த ஜாஷ் டாப்ஸ். 2023 நவம்பரில் இந்த டாப்ஸ் வைக்கிங்ஸ் அணிக்கு வந்து ஐந்தே நாளில் களத்தில் இறங்க நேர்ந்தது. கூட ஆடுகிறவர்கள் பலரின் பெயரே அவருக்குத் தெரியாது. 31-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். மூவரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இவர்கள் எந்தக் கல்லூரியில் எந்த ஆட்டம் ஆடியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பார்கள். ரோலிடம் ஓர் அணியின் ஆட்கள், ஆக்ஸ்ஃபோர்டு போவதற்காக உன் அணியைக் கைவிட்டாயே, எப்படி இருந்தது என்று கேட்டார்களாம். படிப்பை இந்த உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அந்தக் கேள்வி போதும்.

எனக்கு இவர்களைவிட ஜே பெர்வேங்கரைப் பிடிக்கும். சிகாகோ பல்கலைக்கழக வீரர். கல்லூரி ஃபுட்பால் வீரர்களுக்கான, பின்னால் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் பெற்ற விருதை 1935இல் முதன்முதலாக வாங்கியவர். 1936இல் நடந்த முதல் என்எஃப்எல் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவரும் அவரே. சம்பளப் பேச்சு படியவில்லை. தொழில்முறையில் ஒரு நாள்கூட ஆடாமல், நுரை ரப்பர் விற்கப் போனார். பிறகு ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் சொந்த நிறுவனம் நடத்தி நன்றாகவே வாழ்ந்தார். தேர்வின் முதல் மனிதனே விற்பனைப் பிரதிநிதி! அவர் ஆடிய ஸ்டேடியத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் உலகின் முதல் அணு உலையை ஓட்டினார்கள். அது வேறு கதை.

நம் பையன்களுக்கு வேலை எப்படிக் கிடைத்தது? ஒழுக்கத்தால் மட்டும் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விருந்து நடக்கும். அணிக்கு நன்கொடை தருகிறவர்கள் வருவார்கள். பூஸ்டர் என்று பெயர். கூரை போடும் கம்பெனி வைத்திருப்பவர், கார் ஷோரூம் வைத்திருப்பவர், காப்பீட்டு முகவர்கள், பல் டாக்டர்கள். ட்யூட்டர்களையும் ஓரமாக ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே காதில் விழுந்த முதல் நேர்முகக் கேள்வி: "நீ எந்த நம்பர் போட்டிருந்தே?" நம்பரைச் சொன்னதும் அந்தப் பெரியவருக்கு இரண்டு வருடம் முன்பு மழையில் நடந்த ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. பத்து நிமிடம் அவரே பேசினார். கடைசியில் அட்டையைக் கொடுத்து, திங்கட்கிழமை கூப்பிடு என்றார். ரெஸ்யூமேயை யாரும் கேட்கவே இல்லை. நான் மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது.

நம் ஊரில் ரயில்வேயும் வங்கிகளும் வருமான வரித்துறையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது, அவர்களுக்காக ஆடுவதற்கு. அங்கே ஆட்டத்தை நிறுத்தியவனை எடுக்கிறார்கள். ஆனால் எல்லாரையும் அல்ல. எங்கள் அணியில் பாதிக்குமேல் கறுப்பினப் பையன்கள். அந்த விருந்தில் அட்டை வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரப் பெரியவர்கள். கார்னர்பேக் ஆடிய ஒருவன் பின்னால் என்னிடம் சொன்னான்: "மேம், என் அண்ணனும் அதே யுனிவர்சிட்டிதான். என்னைவிட நல்ல மார்க். அதே ஊர்ல எட்டு மாசம் வேலை தேடினான். அவன்கிட்ட யாரும் நம்பர் கேட்கல." லிங்க்ட்இன் தத்துவங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருவான்.

ஆனால் கதவு திறந்தது ஒரு விஷயம், உள்ளே போய் நிலைத்தது இன்னொரு விஷயம்.

அந்தக் கார்னர்பேக் இப்போது எலும்பு அறுவைச் சிகிச்சைக்கான தகடு, திருகு, மூட்டு எல்லாம் விற்கிறான். விற்பது என்றால் கடை வைத்து அல்ல. காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அறுவை நடக்கும்போது கிருமி நீக்கிய வட்டத்துக்கு வெளியே நின்று, எந்தத் தட்டில் எந்தக் கருவி என்று நர்சுக்கு லேசர் புள்ளி அடித்துக் காட்ட வேண்டும். "இப்ப லேசர் என் கையில மேம்" என்று சிரித்தான். அவனுக்கே இரண்டு முறை முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை நடந்திருக்கிறது. நோயாளி எப்படிப் பயப்படுவான் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தவறான அளவுத் தட்டைக் கொண்டுபோய்விட்டான். சரியான தட்டு வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். மாத இறுதிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் கிடங்கின்மேல், கூரியர்காரர்மேல் பழி போட்டுக்கொண்டிருக்க, இவன் எழுந்து, "பட்டியலைப் படிக்காம ஞாபகத்துல எடுத்துட்டேன். ஆறாவது வரிசை. இனிமே சத்தமா வாசிச்சுட்டுத்தான் வண்டியில ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மேலாளருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லையாம். "இதுல என்ன மேம் இருக்கு? நான் நாலு வருஷமா வாராவாரம் செஞ்சதுதானே" என்றான். அவனுக்கு அது சாதாரணம். அந்த அறையில் இருந்த மற்றவர்களில் யாருக்கும், எம்பிஏ படித்தவர்கள் உட்பட, அது சாதாரணம் இல்லை.

லைன்மேன் நாற்பது கிலோ இறக்கிவிட்டான். கூரைக் கம்பெனியில் ஒன்றரை வருடம் ஏணி பிடித்தான். மாலை வகுப்பில் கட்டுமான மேலாண்மை படித்தான். இப்போது பள்ளிக் கட்டடங்கள் கட்டும் ஒரு நிறுவனத்தில் தளப் பொறுப்பாளர். கான்கிரீட் போட்ட மறுநாள் காலை ஆட்களை நிற்க வைத்து, முந்தின நாள் படங்களை டேப்லெட்டில் ஓட்டுகிறானாம். முதலில் தன் தப்பைக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களுடையதைக் காட்டுவானாம். "கோச் கத்துவார். நான் கத்தறதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவனிடம் ஒரு பயமும் இருக்கிறது. 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், இறந்துபோன என்எஃப்எல் வீரர்களின் 111 மூளைகளில் 110இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது. கல்லூரி அளவில் ஆடியவர்களின் 53 மூளைகளில் 48. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் தந்திருப்பார்கள், ஆகவே இதை வைத்து மொத்த விகிதம் சொல்ல முடியாது என்று நான் என் பாடத்தை ஒப்பித்தேன். "தெரியும் மேம். சாம்பிள் பயஸ். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சாவியை எங்கே வெச்சேன்னு மறந்தா, எல்லாரும் மறக்கிற மாதிரிதான் மறந்தேனான்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கிறேன்" என்றான். அதற்கு என்னிடம் பாடம் இல்லை.

கணக்குத் தணிக்கை பார்ப்பவன் உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் அணியில் இருந்தவன். நாலு வருடத்தில் பதினோரு முறை களத்தில் இறங்கியிருக்கிறான். அவனுக்கு என் உதவி தேவைப்பட்டதே இல்லை.

கடைசியாக லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியை மடக்குகிறவன். எங்கள் மேசைக்கு வந்தவர்களில் நிஜ நட்சத்திரம் அவன்தான். வளாகக் கடையில் அவன் நம்பர் போட்ட சட்டை தொங்கும். அந்தச் சட்டையை வாங்க அவனிடமே பணம் இருந்ததில்லை. இப்போதெல்லாம் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் வந்த வழக்குத் தீர்வுப்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகவே பகிர்ந்து தரலாம். பழைய ஆட்களுக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் 2016 ஜூனுக்குப் பின்னால் ஆடியவர்களுக்கு மட்டும். அவன் 2014இல் முடித்தவன்.

முடித்தவன் என்று சொல்வதும் தவறு. என்எஃப்எல் தேர்வுக்குத் தயாராவதற்காகக் கடைசிப் பருவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். ஏழு சுற்றிலும் பெயர் வரவில்லை. ஓர் அணி முகாமுக்கு மட்டும் அழைத்தது. கோடையில் தொண்ணூறு பேர் இருப்பார்கள், சீசனுக்கு முன் ஐம்பத்து மூன்றாகக் குறைப்பார்கள். பெயர் நீக்கப்பட்டவனின் அறைக்கதவைத் தட்ட ஓர் ஆள் வருவார். அவரை டர்க் என்பார்கள். "கோச் கூப்பிடுறார், பிளேபுக்கை எடுத்துக்கிட்டு வா" என்பார். ஆகஸ்ட் கடைசியில் கதவு தட்டப்பட்டது. அதன்பின் கிடங்கில் இரவு வேலை, ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற வேலை. இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியே போடவில்லை என்று பிறகு சொன்னான். பூஸ்டர் விருந்தில் அவனைச் சுற்றி நின்றவர்கள் யாரும் இந்த இரண்டு வருடத்தில் கூப்பிடவில்லை. அவனும் அவர்களைக் கூப்பிடவில்லை. நட்சத்திரமாக இருந்தவனுக்கு வேலை கேட்க நாக்கு எழாது.

பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளரானான். ஆசிரியராக வேண்டுமானால் பட்டம் வேண்டும். பதினோரு கிரெடிட் பாக்கி. அதில் ஒரு பாடம் அவன் பாதியில் விட்டுப்போன புள்ளியியல். 2021இல், ஏழு வருடம் கழித்து, என் ஃபேஸ்புக்குக்கு ஒரு செய்தி வந்தது: "மேம், நான் மறுபடி அந்த வகுப்புல இருக்கேன். இப்ப முறுக்கு குடுத்தா யாரும் கேட்க மாட்டாங்க."

ஞாயிறு இரவுகளில் வீடியோவில் சொல்லிக்கொடுத்தேன். நான் அப்போது சார்லட்டில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மகள் பின்னால் சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பாள். கருதுகோள் சோதனையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அனுப்பியிருந்தான். மனசு சங்கடப்படக் கூடாதே என்று, "பரவாயில்லை, இது எல்லாருக்கும் வர்ற குழப்பம்தான், அடுத்த கணக்குக்குப் போகலாம்" என்று பக்கத்தைத் தள்ளப் பார்த்தேன்.

"இல்ல, அங்கேயே நிறுத்துங்க" என்றான். "மேல போங்க. இன்னும் மேல. கேள்வியில 'அதிகமா'ன்னு இருக்கு. நான் 'குறைவா'ன்னு படிச்சிருக்கேன். பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே இடது பக்கம் ஓடிட்டேன்." திரையில் விரல் வைத்துக் காட்டினான். "இதுக்கப்புறம் போட்டதெல்லாம் சரிதான். முதல் அடி மட்டும்தான் தப்பு. இப்ப மறுபடி முதல்லேர்ந்து போடுங்க, நான் பார்க்கிறேன்."

போட்டோம். இரவு பதினொன்றே கால் ஆகிவிட்டது. அந்தப் பருவம் பி பிளஸ் வாங்கினான். இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறான். அந்தத் தப்பான விடைத்தாளின் படத்தை அனுப்பி வைக்கச் சொன்னான். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் திரையில் போட்டு, இதில் சார் எங்கே சறுக்கினார் கண்டுபிடியுங்கள் என்று கேட்கிறானாம்.